ஆறு மடிக்கணினிகளில் ஒரே நாளில் தோற்ற பழுதறி சோதனைகள்: களுவாஞ்சிக்குடி அலுவலகமொன்றின் நிகழ்வு ஆய்வு

களுவாஞ்சிக்குடியில் கடலுக்குக் கிட்டிய வீதியொன்றில் இயங்கும் சிறிய அலுவலகத்தில் ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரி என ஏழு மடிக்கணினிகள் பயன்பாட்டில் உள்ளன. ஏழும் இன்டெல் 8ஆம் தலைமுறைச் சிபியூவும் 8 ஜிபி நினைவகமும் தரவைச் சேமிக்கும் 2.5 அங்குலச் சாட்டா வகை எஸ்எஸ்டியும் கொண்டவை. விண்டோஸ் 10 உடன் வாங்கப்பட்டவை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்ததால், மழை தொடங்குவதற்கு முன் வேலையை முடித்துவிடவேண்டும் என்று அலுவலகத்தார் தீர்மானித்தனர். ஒருசில விதிவிலக்குகளைத் தவிர்த்தால், இன்டெல் வரிசையில் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் கீழெல்லை இந்த 8ஆம் தலைமுறைதான் என்பதால், புதிய கணினி வாங்கும் செலவு இல்லாமலே தரமுயர்த்த முடிந்தது. ஆறு கணினிகள் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு மாற்றப்பட்டன. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று ஓடவேண்டியிருந்ததால் ஏழாவது கணினி மட்டும் விண்டோஸ் 10இலேயே விடப்பட்டது.

மாற்றத்தைச் செய்தவர் அனுபவமுள்ள திருத்துநர். வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு கணினியிலும் தயாரிப்பாளரின் பழுதறி மென்பொருளை ஓட்டி, எல்லாச் சோதனைகளும் தேறியதைத் திரைப்பிடியாகச் சேமித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பலரும் செய்யாத நல்ல பழக்கம் இது. அந்தத் திரைப்பிடிகள் இல்லாதிருந்தால் இந்த ஆய்வின் பாதி ஊகமாகவே நின்றிருக்கும். மாற்றம் முடிந்த பின்னர் அதே மென்பொருளை மீண்டும் ஓட்டியபோது, ஆறு கணினிகளிலும் ஒரே முடிவு வந்தது. எஸ்எஸ்டி சோதனை தோல்வி, குளிர்விசிறிச் சோதனை தோல்வி, பற்றரியின் தகவலைப் பெற முடியவில்லை, சிபியூவின் வெப்பநிலை பூச்சியம் பாகை. ஒவ்வொரு தோல்விக்கும் அருகில் சிவப்பு அடையாளமும், உரிய பாகத்தை மாற்றுமாறு ஒரு பரிந்துரையும் இருந்தன. அந்தப் பரிந்துரையின்படியே ஆறு எஸ்எஸ்டிகளுக்கும் ஆறு பற்றரிகளுக்கும் விலைமதிப்பீடு ஒன்று அலுவலகத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதை ஏற்பதா என்று கேட்கவே மட்டக்களப்பிலிருந்து என்னை அழைத்தார்கள்.

ஆறும் ஒன்றாகப் பழுதாகுமா

அலுவலகத்தின் பொறுப்பாளர், வயதில் மூத்த அம்மா ஒருவர், நான் போனதும் கேட்ட கேள்வியே இந்த நிகழ்வின் மையம். “தம்பி, சாமான் மாத்துறதெண்டா மாத்துவம், காசப் பத்திச் சொல்லல்ல. ஆனா ஆறும் ஒண்டாப் பழுதாகுமா?”

கேள்வி எளிதாகத் தோன்றினாலும், அதற்கு எதிராகச் சொல்லப்பட்ட காரணம் புறக்கணிக்கக்கூடியதல்ல. எழுவான்கரையின் இந்த ஒடுங்கிய நிலத்துண்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி; குளிரூட்டி இல்லாத அறைகளில் யன்னல்கள் நாள்முழுதும் திறந்தே கிடக்கும்; உப்புக்காற்று செம்பையும் வெள்ளீயத்தையும் அரிப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விடயம். ஆகவே ஒரே வயதுள்ள, ஒரே அறையில் இருந்த ஆறு கணினிகளும் ஒரே காலத்தில் தளர்வது நடக்காத காரியமன்று என்று திருத்துநர் வாதிட்டார். என் கணிப்பில் அந்த வாதம் இரண்டு இடங்களில் நின்றுபோகிறது. முதலாவது, அரிப்பு ஒரே சீராக நடப்பதில்லை. யன்னலோரம் இருந்த கணினியும் அலுமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்ட கணினியும் ஒரே அளவு கெட்டிருக்க முடியாது. இரண்டாவது, காலையில் தேறிய அதே பாகங்கள் மாலையில் தோற்றிருக்கின்றன. இடைப்பட்ட நேரத்தில் மாறியது இயங்குதளம் மட்டுமே.

தரமுயர்த்தலின்போது மின்சாரம் நின்றதாகவும், அதனால் கோப்புகள் சிதைந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து இருந்தது. மடிக்கணினிகள் பற்றரியில் ஓடியதாலும், நிறுவல் பென் டிரைவிலிருந்து செய்யப்பட்டதாலும், மின்வெட்டு ரவுட்டரை மட்டுமே நிறுத்தியிருந்தது. விண்டோஸுடன் வரும் கோப்புச் சரிபார்ப்புக் கருவிகளான எஸ்எஃப்சியையும் டிஸ்மையும் ஓட்டிப் பார்த்ததில் ஆறிலும் சிதைவு எதுவும் தென்படவில்லை. அந்தக் கருத்து அத்துடன் முடிந்தது.

சோதனை நடந்ததா

பாகம் ஒன்று சோதனையில் தோற்பது வேறு. சோதனையே நடக்காமற் போவது வேறு. பழுதறி மென்பொருள்கள் பலவும் இந்த இரண்டையும் ஒரே சிவப்பு நிறத்திலேயே காட்டுகின்றன. ஆகையால் முதலில் செய்யவேண்டியது, அதே பாகத்தை வேறு வழியாக விசாரித்துப் பார்ப்பது.

பற்றரியிலிருந்து தொடங்கினேன். விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை ஒன்றை உருவாக்கும் வசதி உண்டு. வடிவமைக்கப்பட்ட கொள்ளளவு, இப்போது முழுமையாக ஏற்றும்போது கிடைக்கும் கொள்ளளவு, அண்மைய நாட்களின் பயன்பாடு ஆகியவற்றை அது தரும். ஆறு கணினிகளிலும் அந்த அறிக்கை ஒழுங்காக வந்தது. பற்றரியின் தகவலைப் பெற முடியவில்லை என்று தயாரிப்பாளரின் மென்பொருள் சொல்லிக்கொண்டிருந்த அதே வேளையில், இயங்குதளம் அதைத் தடையின்றி வாசித்துக்கொண்டிருந்தது. அடுத்து எஸ்எஸ்டி. திறந்த மூலக் கருவியான ஸ்மார்ட்மொன்டூல்ஸைக் கொண்டு ஒவ்வொரு எஸ்எஸ்டியும் தன் நிலை பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளையும் வாசித்து, எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் குறுஞ்சோதனையையும் ஓடவிட்டேன். ஆறும் பிழையின்றி முடித்தன. இந்தக் கருவி விண்டோஸ் ஏற்கெனவே திறந்து வைத்துள்ள வழியாகவே எஸ்எஸ்டிக்குக் கட்டளை அனுப்புகிறது. தனக்கென ஒரு டிரைவரை, அதாவது வன்பொருளோடு பேசும் இடைமென்பொருளை, உள்ளே நுழைப்பதில்லை. பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான குறிப்பு இந்த வேறுபாட்டில்தான் இருந்தது.

சாதாரண மென்பொருள் ஒன்றால் வன்பொருளை நேரடியாகத் தொட முடியாது. சிபியூ அதற்குக் கொடுக்கும் உரிமை மிகக் குறைந்தது. குளிர்விசிறியின் வேகத்தை வாசிப்பதென்றாலும், வெப்பநிலையைத் தரும் உட்பதிவேடுகளைத் திறப்பதென்றாலும், இயங்குதளத்தின் உட்கருவான கேர்னல் மட்டத்தில் ஓடும் டிரைவர் ஒன்று இடையில் வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகளில் விசிறியையும் பற்றரியையும் கவனிப்பது தாய்ப்பலகையில் உள்ள தனியொரு கட்டுப்பாட்டுச் சில்லு. அதனுடன் பேசும் வழமையான வழி, பதினறும முறையில் 62, 66 என எண்ணிடப்பட்ட இரண்டு துறைகள் (தரவு போய்வரும் வாயில்கள்). பழுதறி மென்பொருளோடு கூட நிறுவப்படும் சிறிய டிரைவர் செய்வது இதைத்தான்: மென்பொருள் கேட்கும் துறையைத் திறந்து வாசித்துக் கொடுப்பது.

இத்தகைய டிரைவர்களில் பழையவை ஒரு பெருங்குறையுடன் எழுதப்பட்டவை. கேட்பது யார் என்று அவை பார்ப்பதில்லை. பழுதறி மென்பொருள் கேட்டாலும், தீநிரல் கேட்டாலும், நினைவகத்தையும் துறைகளையும் ஒரேமாதிரித் திறந்து கொடுத்துவிடும். தாக்குநர்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்: முறையான கையொப்பமுள்ள, ஆனால் ஓட்டையுள்ள ஒரு டிரைவரைத் தாங்களே கொண்டுவந்து நிறுவி, அதன் வழியாகக் கேர்னலுக்குள் நுழைவது இன்று பழகிப்போன தாக்குதல் முறை. பல வெப்பநிலை காட்டும் மென்பொருள்களும் விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள்களும் நம்பியிருந்த வின்ரிங்0 என்னும் டிரைவர் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் ஓட்டை, பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-14979 என்ற எண்ணில் பதிவாகியுள்ளது. 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் அதைத் தாக்குதற் கருவியாக இனங்காணத் தொடங்கியதும், உலகெங்கும் விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் திடீரென வேலை செய்யாமற் போயின.

இத்தகைய டிரைவர்களுக்கென மைக்ரோசொஃப்ட் ஒரு தடைப்பட்டியலைப் பேணுகிறது. விண்டோஸ் 11இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அந்தத் தடைப்பட்டியல் எல்லாக் கணினிகளிலும் இயல்பாகவே செயற்படுகிறது. விண்டோஸ் 10இலோ, மெமரி இன்டெக்ரிட்டி போன்ற பாதுகாப்பு வசதியொன்று இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். இந்த அலுவலகத்தின் கணினிகளில் அது இயக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே விண்டோஸ் 10இலிருந்து 11க்குப் போன அந்த ஒரே நாளில், அதுவரை திறந்திருந்த வாசல் ஒன்று சாத்தப்பட்டது. எந்தப் பாகமும் கெடவில்லை. பாகத்தைப் பார்க்கப் போன ஆளை உள்ளே விடவில்லை.

இது வெறும் ஊகமாக இருக்கக்கூடாது என்பதற்காக விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், கோட் இன்டெக்ரிட்டி, ஒப்பரேஷனல் என்ற வரிசையில் போனால் வரும் பதிவேட்டில், பழுதறி மென்பொருள் ஓட்டப்பட்ட ஒவ்வொரு தடவையும் அதே நிமிடத்தில் 3077 என்ற எண்ணுடைய பதிவு ஒன்று இருந்தது. கொள்கைக்கு மாறானது என்பதால் ஒரு கோப்பு ஏற்றப்படாமல் தடுக்கப்பட்டது என்பதே அந்த எண்ணின் பொருள். கோப்பின் பெயர் தயாரிப்பாளரின் பழுதறி மென்பொருள் நிறுவிய டிரைவரின் பெயராக இருந்தது. அந்த மென்பொருளின் சொந்தப் பதிவுக் கோப்பிலும் டிரைவரை ஏற்ற முடியவில்லை என்ற வரி தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அதைத் திரையில் காட்டாமல், பாகத்தை மாற்றுங்கள் என்று காட்டியதுதான் அந்த மென்பொருளின் குறை. தயாரிப்பாளரின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். இதே வடிவமைப்புக் குறை வேறு தயாரிப்புகளிலும் உண்டு.

ஏழாவது கணினியில் செய்த பரிசோதனை

பதிவேட்டுச் சான்று எனக்குப் போதுமாக இருந்தது. எனினும் விலைமதிப்பீட்டைக் கொடுத்த திருத்துநரும் ஏற்றுக்கொள்ளும்படி காட்டவேண்டியிருந்தது. காரணம் இதுதான் என்றால், இயங்குதளத்தை மாற்றாமலே அதே கோளாறை உண்டாக்கிக் காட்ட முடிய வேண்டும். அதற்கு விண்டோஸ் 10இலேயே விடப்பட்ட ஏழாவது கணினி வாய்ப்பாக அமைந்தது.

கணக்குத் தரவுகளை வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்த பின்னர், முதலில் பழுதறி மென்பொருளை அப்படியே ஓட்டினோம், எல்லாம் தேறின. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்ற பகுதிக்குப் போய் மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கிக் கணினியை மீளத் தொடக்கினோம். இந்தத் தலைமுறைச் சிபியூக்களில் அதற்கு வேண்டிய வன்பொருள் வசதி இருப்பதால் கணினியின் வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மீண்டும் பழுதறி மென்பொருளை ஓட்டியதும் எஸ்எஸ்டி தோல்வி, விசிறி தோல்வி, பற்றரித் தகவல் இல்லை, வெப்பநிலை பூச்சியம் என்று மற்ற ஆறிலும் கண்ட அதே பட்டியல் வந்தது. மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்தி மறுபடி ஓட்டியபோது எல்லாம் பச்சையாகின. விண்டோஸ் 11 அந்தக் கணினியில் ஒருபோதும் நிறுவப்பட்டதில்லை. திருத்துநர் அதைப் பார்த்ததும் விலைமதிப்பீட்டைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது, அது நியாயமானதும்கூட. காரணம் தெரிந்துவிட்டதால், ஆறு கணினிகளிலும் தடைப்பட்டியலை நிறுத்திவிட்டால் பழுதறி மென்பொருள் பழையபடி வேலை செய்யுமே என்று திருத்துநர் கேட்டார். செய்யும்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தேவைப்படும் ஒரு மென்பொருளுக்காக, நாள்தோறும் வேண்டிய பாதுகாப்பைக் கழற்றிவிடுவதை நான் ஏற்கவில்லை. மின்னஞ்சலில் வரும் இணைப்புகளைத் திறப்பதும், யார் யாருடையதோ பென் டிரைவ்களைச் செருகுவதும் அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை. பரிசோதனைக்காக ஏழாவது கணினியில் ஒரு பாதுகாப்பு வசதியைச் சிறிது நேரம் இயக்கியும் நிறுத்தியும் பார்ப்பதும், ஆறு கணினிகளில் நிரந்தரமாக நிறுத்தி வைப்பதும் ஒன்றல்ல.

பென் டிரைவும் மீட்புச் சாவியும்

விண்டோஸுக்கு உள்ளே ஓடும் மென்பொருளின் முடிவை நம்ப முடியாத நிலையில், இயங்குதளம் எழும்புவதற்கு முன் ஓடும் பழுதறி சோதனைதான் சரியான நடுவர். இந்த மாதிரியில், கணினியைத் தொடக்கும்போது குறிப்பிட்ட விசையை அழுத்தினால் அந்தச் சோதனை வரும். ஐந்து கணினிகளில் வந்தது. ஆறாவதில் மிகச் சுருக்கமான சோதனை மட்டுமே வந்தது, முழுமையான பதிப்பைக் காணவில்லை.

அதற்கான காரணம் பழுது அல்ல. மற்ற ஐந்தும் இருந்த தரவுகளோடு அப்படியே தரமுயர்த்தப்பட்டவை. ஆறாவது மட்டும் எல்லாப் பிரிவுகளும் அழிக்கப்பட்டுப் புதிதாக நிறுவப்பட்டது. சில தயாரிப்பாளர்கள் முழுமையான பழுதறி சோதனையைக் கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் சில்லில் வைப்பதில்லை. எஸ்எஸ்டியில் உள்ள ஒரு சிறு பிரிவில் வைக்கிறார்கள். அந்தப் பிரிவும் சேர்த்து அழிக்கப்பட்டிருந்தது. புதிதாக நிறுவும்போது எல்லாப் பிரிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கும் வழக்கம் நம் கடைகளில் பரவலாக உண்டு. அதில் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழிப்பது நல்லது.

ஆறாவது கணினியைச் சோதிக்க, லினக்ஸ் அடிப்படையில் அமைந்த பழுதறி பென் டிரைவ் ஒன்றைத் திருத்துநர் எடுத்தார். பல ஆண்டுகளாக அவருக்குத் துணையாக இருந்த அந்தப் பென் டிரைவ் எழும்ப மறுத்தது. ஷிம் எஸ்பேட் தரவுச் சரிபார்ப்புத் தோல்வி, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற பொருள்படும் ஒற்றை வரி திரையில் தோன்றிக் கணினி அணைந்தது. தாய்ப்பலகையும் போய்விட்டதோ என்று அலுவலகத்தார் பயந்துபோனார்கள். இதற்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. 2024 ஓகஸ்ட் 13ஆம் திகதி வெளியான விண்டோஸ் பாதுகாப்பு இற்றைப்படுத்தல், லினக்ஸ் தொடக்கிகளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பதற்காக, பழைய தொடக்கிகளை ஏற்கவேண்டாம் என்ற குறிப்பைக் கணினியின் தாய்ப்பலகையிலுள்ள பேர்ம்வெயார் நினைவகத்தில் எழுதியது. அது எஸ்எஸ்டியில் எழுதப்படுவதில்லை. ஆகவே எஸ்எஸ்டியை அழித்தாலும், புதியதை மாட்டினாலும் குறிப்பு நிலைத்திருக்கும். இந்தக் கணினி விண்டோஸ் 10 காலத்திலேயே அந்த இற்றைப்படுத்தலைப் பெற்றிருந்தது. அதற்குப் பின்னர் யாரும் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து எழுப்பிப் பார்க்காததால் அது வெளியே தெரியவில்லை. குற்றம் மட்டும் அன்றைய விண்டோஸ் 11 மாற்றத்தின் தலையில் விழுந்தது.

நம்பகமான கையொப்பமுள்ள தொடக்கிகளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட்டை நிறுத்தினால் பழைய பென் டிரைவ் எழும்பும். திருத்துநரின் விரல் அந்தத் தெரிவின் மீது போனபோது நான் தடுத்தேன். 24எச்2 பதிப்பில், மைக்ரோசொஃப்ட் கணக்குடன் புதிதாக நிறுவப்படும் கணினிகளில் எஸ்எஸ்டி தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவியின்றி வாசிக்க முடியாததாகிறது. முந்தைய பதிப்புகளில் இருந்த சில வன்பொருள் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டதால், இவ்வளவு பழைய மடிக்கணினிகளும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. குறியாக்கச் சாவி, சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லில் செக்யூர் பூட்டின் நிலையோடு பிணைக்கப்பட்டிருக்கும். அந்த நிலை மாறினால் அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அமைப்புகளைத் திறந்து பார்த்ததில், எதிர்பார்த்தபடியே ஆறாவது கணினியில் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கேட்கவுமில்லை, யாருக்கும் தெரியவுமில்லை.

அதைவிட இக்கட்டானது சாவி இருந்த இடம். நிறுவலை விரைவாக முடிப்பதற்காகத் திருத்துநர் தன்னுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கைத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. கணினியைப் பயன்படுத்தும் உத்தியோகத்தருக்குப் பின்னர் உள்ளகக் கணக்கு ஒன்று திறந்து கொடுக்கப்பட்டதால், அலுவலகத்தில் எவரிடமும் சாவி இல்லை. அந்தத் திருத்துநர் வெளிநாடு போயிருந்தால், அல்லது அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தால், பயோஸில் செய்யும் ஒரு சிறு மாற்றம் அலுவலகத்தின் ஆவணங்களை நிரந்தரமாகப் பூட்டியிருக்கும். இந்த நிகழ்வு முழுவதிலும் உண்மையான ஆபத்து என்று நான் கருதுவது இந்த ஒன்றைத்தான். பழுது என்று சொல்லப்பட்டவை எவையும் தரவுக்குக் கேடு செய்யக்கூடியவையாக இருக்கவில்லை. அவர் அங்கேயே கணக்கைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்; அதைத் தாளில் எழுதி, கணினியின் தொடரிலக்கத்தையும் குறித்து, அலுவலகத்தின் இரும்புப்பெட்டியில் வைத்தோம். அதன் பின்னரும் செக்யூர் பூட்டை நிறுத்தவில்லை. அதே பழுதறி கருவியின் புதிய வெளியீட்டைத் தரவிறக்கிப் பென் டிரைவை மறுபடி தயாரித்ததும் தடையின்றி எழும்பியது.

உண்மையிலேயே பழுதாக இருந்தது

இயங்குதளத்துக்கு வெளியே ஓடிய சோதனைகளில் ஐந்து கணினிகள் முழுமையாகத் தேறின. கிழக்கு யன்னலோரம் இருந்த கணினியில் மட்டும், எஸ்எஸ்டியின் விரிவான சோதனை சில தடவை தேறியது, சில தடவை பாதியில் நின்றது. பழுது வந்து வந்து போகும்போது பாகத்தைக் குறை சொல்வதற்கு முன் இணைப்பைப் பார்க்கவேண்டும் என்பது என் வழக்கம்.

ஸ்மார்ட் பதிவுகள் அதையே காட்டின. எஸ்எஸ்டியோ வன்தட்டோ உள்ளுக்குள் கெட்டுப்போகும்போது பொதுவாக 5ஆம் இலக்கமான மாற்றியமைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், 197ஆம் இலக்கமான ஐயத்துக்குரிய பகுதிகளின் எண்ணிக்கையும் ஏறும். இங்கே இரண்டும் பூச்சியம். மாறாக 199ஆம் இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அது எஸ்எஸ்டிக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான பாதையில் தரவு சிதைந்து வந்த தடவைகளின் கணக்கு. ஈவென்ட் வியூவரிலும் 129 என்ற எண்ணில், சாதனம் மீளமைக்கப்பட்டது என்ற எச்சரிக்கை அவ்வப்போது பதிவாகியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எஸ்எஸ்டியை விட்டுவிட்டு, அதை இணைக்கும் தட்டை நாடாவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பின்மூடியைக் கழற்றியதும் நாடாவின் கனெக்டரில் வெண்பச்சைப் படிவு கண்ணுக்கே தெரிந்தது. உப்புக்காற்று பற்றித் திருத்துநர் சொன்னது இந்த ஒரு கணினியில் முற்றிலும் சரி. ஐசோபுரொப்பைல் அற்ககோலால் தாய்ப்பலகைப் பக்கத்துக் கனெக்டரைச் சுத்தம் செய்து, நாடாவைப் புதிதாக மாற்றினோம். 199ஆம் இலக்கத்தின் எண்ணிக்கை ஒருபோதும் குறைவதில்லை. திருத்தம் சரிதானா என்று அறிவதற்கு அது குறைகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, ஏறாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். பெரிய கோப்புகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பார்த்தும் அது அசையவில்லை. விரிவான சோதனையும் பின்னர் ஒழுங்காக முடிந்தது. இந்தக் கணினிக்கு விலைமதிப்பீட்டின்படி புதிய எஸ்எஸ்டி போட்டிருந்தால், அதே கெட்ட நாடாவின் வழியாக அதுவும் தோற்றிருக்கும். அப்போது புதிய எஸ்எஸ்டியும் பழுது என்ற முடிவுக்கே வந்திருப்பார்கள்.

இந்தப் பழுது தரமுயர்த்தலுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். அவ்வளவு படிவு சில நாட்களில் சேர்வதில்லை. காலையில் தேறிய சோதனை குறுஞ்சோதனை என்பதால், இடையிடையே வரும் பிழை அதற்கு அகப்படவில்லை.

பற்றரிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு கணினிகளில் முழு ஏற்றக் கொள்ளளவு வடிவமைப்பின் பாதிக்கும் கீழே போயிருந்தது; அது வயதின் விளைவு. அவற்றை மட்டும் மாற்றுவதென்று முடிவாயிற்று.

செய்யப்பட்டவை

ஆறு கணினிகளிலிருந்தும் பழைய பழுதறி மென்பொருளை அகற்றினோம். மென்பொருளை அகற்றினாலும் டிரைவர் கோப்பு பல வேளைகளில் அப்படியே தங்கிவிடும் என்பதால், அது போயிற்றா என்பதைத் தனியாகப் பார்த்து அகற்றினோம். தயாரிப்பாளரின் தளத்தில் இதே மாதிரிக்குத் திருத்தப்பட்ட டிரைவருடன் புதிய வெளியீடு இருந்தது. அதை நிறுவியபின் எல்லாச் சோதனைகளும் நடந்தன, கோட் இன்டெக்ரிட்டிப் பதிவேட்டில் புதிய தடைப்பதிவு எதுவும் வரவில்லை. புதிய வெளியீடு கிடைக்காத மாதிரிகளாக இருந்திருந்தால், விண்டோஸின் பற்றரி அறிக்கை, ஸ்மார்ட் பதிவுகள், இயங்குதளத்துக்கு முன் ஓடும் சோதனை ஆகிய மூன்றையும் வைத்தே காலந்தள்ளச் சொல்லியிருப்பேன். பெரும்பாலான தேவைகளுக்கு அவை போதும்.

ஆறாவது கணினியின் மைக்ரோசொஃப்ட் கணக்கு அலுவலகத்தின் பெயரிலான கணக்குக்கு மாற்றப்பட்டது. குறியாக்கத்தை நிறுத்தி மீளத் தொடக்கிப் புதிய மீட்புச் சாவி உருவாக்கப்பட்டதால், திருத்துநரின் கணக்கில் கிடந்த பழைய சாவி பயனற்றதாயிற்று. இரும்புப்பெட்டியில் இருந்த தாளும் மாற்றி எழுதப்பட்டது. யன்னலோரக் கணினியின் மேசை உட்பக்கமாக நகர்த்தப்பட்டது. ஏழாவது கணினி இன்னமும் விண்டோஸ் 10இல் ஓடுகிறது. கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பு வாங்கும்வரை அதை இணையத்தில் இணைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நடைமுறையில் அது எவ்வளவு காலம் கடைப்பிடிக்கப்படும் என்பது அந்த அம்மாவின் கண்டிப்பைப் பொறுத்தது.

ஒரு வேலை பாக்கியாக உள்ளது. 2011இல் வழங்கப்பட்ட செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. அவற்றுக்குப் பதிலான 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் விண்டோஸ் இற்றைப்படுத்தலின் வழியாக வருகின்றன, சில கணினிகளில் அதற்குமுன் பயோஸையும் இற்றைப்படுத்தவேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்யும் நாளில், முதலில் இரும்புப்பெட்டியில் உள்ள சாவியை எடுத்து அது கணினியில் காட்டப்படும் சாவி அடையாளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, குறியாக்கத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்திய பின்னரே பயோஸைத் தொடுவதென்று திருத்துநருடன் பேசி முடிவு செய்திருக்கிறோம்.